பாவு பிடிக்கிற கை

ஆரணி,
8.6.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். விசா வந்துவிட்டதென்று உன் அம்மா நேற்று ராத்திரி போன் செய்தாள். ஆயாவுக்கு விஷயத்தைப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்துபோய் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்துதான் படுத்தாள். உன்னிடம் சொல்ல நினைப்பதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் ரயிலில் எடுத்து இன்னொரு தரம் படிப்பாய்.

உன் திட்டத்தைப் பார்த்தேன். ஜூலை 7-ல் பிரான்சில் பிரெஸ்ட் நகரம், முதல் வாரம் டெப்கேம்ப் என்ற வேலை முகாம், 14 முதல் டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள்காரர்களின் மாநாடான டெப்கான்ஃப். அடுத்து இத்தாலியில் பிரெஷியா, 24 முதல் 29 வரை க்னோம் மென்பொருள்காரர்களின் குவாடெக் மாநாடு. ஊருக்கு வந்து மூச்சுவிட்டதும் செப்டம்பரில் மறுபடி பெர்லின், கேடிஇ மென்பொருள்காரர்களின் அகாடமி மாநாடு. முதல் இரண்டுக்கும் சந்தோஷமாகப் போய் வா. பெர்லினை விட்டுவிடு.

ஏன் என்று கேட்பாய். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நெசவாளர் சங்கத்தின் சார்பில் கண்காட்சிக்கு என்னை அனுப்பினார்கள். டெல்லி, அங்கிருந்து கொல்கத்தா, அங்கிருந்து ஹைதராபாத். மொத்தம் எழுபது நாள். யாரோ ஓர் அம்மா என் கோர்வைக் கரையைத் தொட்டுப் பார்த்து, "நெய்தவர் நீங்களா?" என்று கேட்டால் மனசு நிறைந்துவிடும். ஐப்பசி மழையில் வீடு திரும்பினேன். தறியில் பாதியில் நின்ற புடவை. ஈரம் இறங்கி, நீளவாக்கில் கட்டிய பாவு தொய்ந்து, மிதித்தால் இழை பட்பட்டென்று அறுந்தது. அதைவிடப் பெரிய சேதம் என் காலிலும் கையிலும் இருந்தது. கால் தாளத்தை மறந்துவிட்டது. கரையும் உடலும் சேர்கிற இடத்தில் நாடாவை மாற்றக் கை தயங்கியது. பழைய நெசவு கைக்கு வர ஒரு மாதம் பிடித்தது. எழுபது நாள் நெசவைப் பற்றிப் பேசியதில், பேசுவதே நெசவு என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அந்த நினைப்பு வந்துவிட்டால் தறி நம்மை விட்டுப் போய்விடும். இரண்டு மாநாடு உனக்குப் போதும். மூன்றாவது உன் வேலையைத் தின்றுவிடும்.

போகவே வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன்காரர்களின் சின்ன மாநாடு, மினிடெப்கான்ஃப், நடந்தது ஞாபகம் இருக்கிறதா? உன்னைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் நானும் வந்தேன். சேத்துப்பட்டு, செஞ்சி வழியாக பஸ்ஸில் போனோம். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் அதை நடத்தினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பேசியது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் மதியம் ஒன்று பார்த்தேன். ஒரு பையனின் லேப்டாப் நின்றுபோனது. யாரென்றே தெரியாத நாலு பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எந்தக் காலேஜ், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது ஓடத் தொடங்கியதும் எழுந்து அவரவர் வழியில் போனார்கள். உன் வேலை என்னவென்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

நம் தெருவில் பாவு நீட்டுவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். நெசவு தனியாள் வேலை. குழியில் கால் வைத்து உட்கார்ந்தால் நாள் முழுக்க நீயும் தறியும்தான். ஆனால் பாவு அப்படியில்லை. மூன்று புடவைக்கான பட்டு இழை முழுவதையும் விடியற்காலையில் தெருவுக்குக் கொண்டுவந்து நீட்டி, இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, சிக்கெடுத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் முடியாது. எதிர்வீட்டுக்காரர் ஒரு முனையைப் பிடிப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அறுந்த இழையை முடிவார்கள். அவர்கள் பாவு வரும் நாளில் நாம் போய் நிற்போம். கூலி கிடையாது, கணக்கும் கிடையாது. ஆனால் யார் வரவில்லை என்பது தெரு முழுக்கத் தெரியும்.

மாநாடு என்பது உங்கள் பாவுத் தெரு என்று நினைத்துக்கொள். வருஷம் முழுக்க ஆளுக்கொரு ஊரில் தனித்தனி அறையில் உட்கார்ந்து நெய்கிறீர்கள். வருஷத்தில் ஒரு வாரம் ஒரே தெருவுக்கு வருகிறீர்கள். அங்கே தன் முகத்தைக் காட்டப் போகிறவர்கள் உண்டு. நீ முனையைப் பிடிக்கப் போ. உன் பேச்சு இருபது நிமிஷம்தான், மீதி நாள் நிறைய இருக்கிறது. வரவேற்பு மேஜையில் ஆள் கேட்பார்கள், வீடியோ பிடிக்கக் கேட்பார்கள். எல்லாம் தன்னார்வலர்கள் செய்வதுதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். முதல் நாளே போய்ப் பெயர் கொடு.

போன வருஷம் நீ சொன்ன எக்ஸ்இசட் கதை என் மனசை விட்டுப் போகவேயில்லை. எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்குள் ஓடுகிற சின்ன மென்பொருள். ஒரே ஒருவர் வருஷக்கணக்கில் சம்பளமில்லாமல் கட்டிக்காத்து, களைத்து, மனம் சோர்ந்து இருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒருவன் உதவுகிற மாதிரி வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் கள்ளக்கதவு வைத்துவிட்டான். டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள்ளேயும் அது வந்துவிட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். 2024 மார்ச் 29-ல் உலகத்துக்குச் சொன்னார்.

அரை நொடியைக் கவனித்தாரே என்று நீ வியந்தாய். எனக்கு வியப்பில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும், தறியின் சத்தம் மாறும். தினம் உட்காருகிறவனுக்குத்தான் அது கேட்கும். பெர்லின் வேண்டாம் என்று நான் சொல்வதில் இதுவும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் என்னை உறுத்துவது அந்தக் களைத்த மனிதர். அவர் தெருவில் தனியாகப் பாவு நீட்டிக்கொண்டிருந்தார், முனையைப் பிடிக்க வந்த ஒரே கை திருட்டுக் கை. பிரெஸ்ட்டில் பெரிய பெயர்களைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், நீ அங்கே போய் நிற்காதே. யாரும் பேசாத ஏதோ ஒரு மென்பொருள் பேக்கேஜைத் தனியாகச் சுமக்கிறவர் ஒருவர் சாப்பாட்டு அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்தில் தட்டை வை. என்ன வேலை பாக்கி நிற்கிறது என்று கேள். ஊருக்கு வந்தும் அந்த வேலையை விடாதே.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாநாட்டுக்காரர்கள் தரும் பயண உதவி, போய்வந்து ரசீது கொடுத்த பிறகுதான் கைக்கு வரும் என்று அம்மா சொன்னாள். அதுவரை வேண்டிய பணத்தை வட்டிக்கு வாங்காதே. என் சீட்டுப் பணம் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன், வந்ததும் திருப்பிக் கொடு. ஏதாவது கம்பெனி செலவை ஏற்கிறேன் என்றால், பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று முதலிலேயே எழுத்தில் கேள். முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, கூலி குறைந்தாலும் வாய் திறக்க முடியாமல் அதே தறியில் கிடந்தவர்களை நம் தெருவிலேயே நீ பார்த்திருக்கிறாய்.

பாஸ்போர்ட் விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு இனிஷியலால் வரும் தொல்லை உனக்கும் வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, நீ மென்பொருளில் போடுவது ஓர் எழுத்து. டெப்கான்ஃப், ஒருவர் பாஸ்போர்ட்டை ஒருவர் பார்த்து, அவரவர் டிஜிட்டல் சாவியின் எண்வரிசையை ஒப்பிட்டுக் கையொப்பமிடுகிற இடம். இரண்டு பெயரும் ஏன் வேறாக இருக்கின்றன என்று கேட்டால் கூசாதே, நம் பெயர் முறையை நிதானமாகச் சொல். டிக்கெட்டில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

பிரெஸ்ட் முடிந்து பிரெஷியா தொடங்க நடுவில் சில நாள் இருக்கிறது. லியோனில் இறங்கு. இது எனக்காக. நம் தறியின் தலைமேல் இருக்கிற ஜக்கார்டு பெட்டி அந்த ஊரில் பிறந்தது. ஜோசப் மாரி ஜக்கார்ட் 1804-ல் அதை உருவாக்கினார். ஓட்டை போட்ட அட்டையே எந்த இழை எழ வேண்டும் என்று சொல்லும். அட்டையிலிருந்து கம்ப்யூட்டர் வந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நெப்போலியன் அரசாங்கம் அந்தப் பொறியைப் பொதுச் சொத்து என்று அறிவித்து, ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு தொகையும் கொடுத்தது. கட்டற்ற மென்பொருள் என்று நீ விளக்கியதும் ஏறக்குறைய இதைத்தானே.

க்ரூவா ரூஸ் என்ற மேட்டில் நெசவாளர் வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஜக்கார்டு தறி நிற்க வேண்டுமென்றே கூரையை உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். நம் வீட்டிலும் பெட்டி வைக்க உன் தாத்தா கூரையை இரண்டு முழம் உயர்த்தினார். அங்கே நெசவாளர் இல்லம் என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, தறியை ஓட்டிக்காட்டுவார்கள். அதன் சத்தத்தைப் பதிவு செய்து எனக்கு அனுப்பு. இன்னொன்றையும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள். 1831-ல் அந்த மேட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பேசி முடித்த கூலியை வியாபாரிகள் தர மறுத்தார்கள். பொறி பொதுச் சொத்தாகி இருபத்தைந்து வருஷம் கழித்தும் நெய்தவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதனால் சொல்கிறேன் பாப்பா, உன் மென்பொருளைத் திறந்து கொடு, உன் உழைப்புக்குக் கூலி கேட்கக் கூச்சப்படாதே. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

தண்ணீர் பக்கம் கவனம். 2023 செப்டம்பரில் கொச்சி டெப்கான்ஃப்பின் சுற்றுலா நாளன்று உங்கள் இளைஞர் ஒருவர் நீரில் மூழ்கிப் போனார். அந்த ராத்திரி போனில் நீ பேச முடியாமல் அழுததை நான் மறக்கவில்லை. பிரெஸ்ட் கடற்கரை ஊர். எல்லோரும் படகில் ஏறினாலும், உயிர்காப்பு உடுப்பு இல்லையென்றால் நீ கரையிலேயே நில்.

டெப்கான்ஃப்பில் ஒரு மாலையில் எல்லோரும் தங்கள் ஊர்த் தின்பண்டத்தைக் கொண்டுவந்து வைப்பார்களாமே. பால் பொருளை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால், நெய் சேர்க்காமல் எண்ணெயிலேயே அதிரசம் சுட்டுத் தருவதாக ஆயா சொல்கிறாள்.

தீபாவளிப் புடவைக்கான பாவு ஆகஸ்ட் இரண்டாம் வாரம் தெருவுக்கு வருகிறது. எனக்கு முட்டி முன்போல் இல்லை, எதிர்வீட்டுக்காரரும் சென்னைக்கு மகனிடம் போய்விட்டார். காலை ஐந்து மணிக்கு ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வந்துவிடு.

அன்புடன்,
மாமா