மழைக்கு முன்னே வரும் துணிவு

அன்புள்ள கயல்,

காப்பீடு ஒரு நாட்டின் வளர்ச்சிக்குக் காரணமா, விளைவா என்று கேட்டிருந்தாய். நாடுகளின் வருமானத்தையும் பிரீமியத் தொகையையும் ஒப்பிட்டால் இரண்டும் சேர்ந்தே ஏறும்; எது எதை இழுத்தது என்று தெரியாது. வலுவான உள்நாட்டுக் காப்பீட்டுச் சந்தை வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று 1964-இல் ஜெனீவாவில் கூடிய ஐ.நா. வணிக, வளர்ச்சி மாநாடு அறிவித்தது. அறிவிப்பு சான்றாகிவிடாது.

சான்று வடக்கு கானாவில் இருக்கிறது. அங்கே விவசாயம் பெரும்பாலும் மானாவாரி. மக்காச்சோளம் முக்கியப் பயிர். டீன் கார்லன், கிறிஸ்டோபர் உட்ரி, ராபர்ட் ஓசெய், ஐசக் ஓசெய்-அகோட்டோ என்ற நால்வர் அங்கே பல பருவங்கள் நடத்திய சோதனையின் முடிவு 2014-இல் வெளியானது. குலுக்கல் முறையில் சிலருக்கு ரொக்கம், சிலருக்கு மழைக் காப்பீடு, சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். கையில் காசில்லாததுதான் தடை என்றால், ரொக்கம் வாங்கியவர்கள்தானே பயிருக்குக் கூடுதலாகச் செலவழித்திருக்க வேண்டும்? காப்பீடு பெற்றவர்களே அதிகம் செலவழித்தார்கள். கூடுதல் நிலத்தில் பயிர் வைத்தார்கள். அதற்கான பணத்தை அவர்களே புரட்டிக்கொண்டார்கள். மழை பொய்த்தால் குடும்பம் என்னாகும் என்ற பயம்தான் அதுவரை கையைக் கட்டியிருந்தது.

இழப்பீட்டைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். ஒரு காசு இழப்பீடு வராத ஆண்டிலும் காப்பீடு வேலை செய்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நல்ல மழை பெய்த வருடத்திலும் காப்பீடு தந்த துணிவு இல்லாமல் கூடுதல் விதைப்பு நடந்திருக்காது.

காப்பீடு வளர்ச்சிக்கு உதவும் இன்னொரு வழியும் உண்டு. ஆயுள் காப்பீட்டுப் பணம் இருபது ஆண்டுகள்கூடத் தங்கும். 1956-இல் தொடங்கிய நம் எல்.ஐ.சி.யின் நிதி அரசுப் பத்திரங்களுக்கும் மின்சாரம், குடிநீர், வீட்டுவசதித் திட்டங்களுக்கும் போனது அதனால்தான்.

ஆனால் மழைக் காப்பீடு மழைமானியைப் பார்த்துப் பணம் தருகிறது, வயலைப் பார்த்து அல்ல. மானி இருக்கும் ஊரில் பெய்து உன் வயலில் பெய்யாவிட்டால் எதுவும் கிடைக்காது. கானாவில் தனக்கோ தெரிந்தவருக்கோ இழப்பீடு வந்து சேர்ந்ததைப் பார்த்தவர்களே மறுமுறை அதிகம் வாங்கினார்கள். ஆகவே எந்த நாட்டின் காப்பீட்டுச் சந்தையைப் படித்தாலும் பிரீமிய வசூலோடு நின்றுவிடாதே. இழப்பீடு யார் கைக்கு, எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்பதையும் தேடிப் பார்.

அன்புடன்,
சித்தப்பா