தொட்டியில் மிச்சம் வைத்த தண்ணீர்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கிராமங்களில் தீயணைப்பு நிலையம் என்பது பெரும்பாலும் ஒரு கொட்டகைதான். உள்ளே ஒன்றிரண்டு வண்டிகள் நிற்கும். சம்பளம் பெறும் வீரர்கள் அங்கு இல்லை. அழைப்பு வந்ததும் உழவரும் ஆசிரியரும் கடைக்காரரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். இந்தத் தொண்டர் படைகளை ஒன்றிணைக்கும் 'கன்ட்ரி ஃபயர் அத்தாரிட்டி' 1945-இல் தொடங்கியது.

இப்படைகளிடம் உள்ள ஒரு வகை வண்டியின் தொட்டி 3,000 லிட்டர் கொள்ளும். புல்வெளியில் குழாய்க்கு எங்கே போவது? தண்ணீர் குறைந்தால் பண்ணைக் குட்டையிலிருந்து பம்பு மூலம் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு விதி உண்டு: 250 லிட்டரைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். எதிரே தீ எரியும்போது தண்ணீரைச் சேமிப்பதா? விடை அம்மாநிலத்தின் இருப்பிடத்தில் இருக்கிறது.

விக்டோரியாவுக்கு வடக்கே வறண்ட உள்நாடு, தெற்கே கடல். கோடையில் வடக்கிலிருந்து வெப்பக்காற்று வீசும். அப்போது மூளும் தீ, நீண்டு ஒடுங்கிய பட்டையாகத் தெற்கு நோக்கி ஓடும். பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்ந்த கடற்காற்று சட்டென்று வரும். குளிர்காற்று நல்லதுதானே என்று எண்ணிவிடாதீர்கள்! தீப்பட்டை 10 கிலோமீட்டர் நீளம், 1 கிலோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை முன்னேறியது 1 கிலோமீட்டர் முகப்புதான். காற்று திரும்பியதும், மெல்ல எரிந்துகொண்டிருந்த கிழக்குப் பக்கம் 10 கிலோமீட்டரும் முகப்பாகிவிடும். அங்கு நின்று அணைத்துக்கொண்டிருந்தவர்களின் கதி?

1998 டிசம்பர் 2 அன்று லிண்டன் என்னும் ஊருக்கருகே இதுதான் நடந்தது. தண்ணீர் நிரப்பச் சென்றுகொண்டிருந்த இரு வண்டிகளைத் தீ சூழ்ந்தது. ஒன்றில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அதிலிருந்த தொண்டர்கள் 5 பேரும் மாண்டனர். மற்ற வண்டியில் தண்ணீர் இருந்தது. அதன் குழுவினர் பிழைத்தனர். 250 லிட்டர் விதி இதன் விளைவே.

அவ்வளவு சிறிய அளவு போதுமா? கணக்கிட்டுப் பாருங்கள். 20 டிகிரி செல்சியசில் உள்ள 1 கிராம் நீர் கொதிநிலையை எட்ட 80 கலோரி வேண்டும். ஆவியாக மேலும் 540 கலோரி. ஆக, 250 லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் 15.5 கோடி கலோரி வெப்பத்தை உறிஞ்சிவிடும்! காட்டை அணைக்க இது போதாது. ஆனால் வண்டியைச் சுற்றி நீர்த்திரை எழுப்பி, தீமுகப்பு கடந்துபோகும் கொடிய சில நிமிடங்களைச் சமாளிக்க உதவும்.

தொண்டர்கள் கையாளும் இன்னொரு வழி செலவில்லாதது. முடிந்தவரை, ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்தில் நின்றுகொண்டே தீயை அணைப்பார்கள். காற்று எப்பக்கம் திரும்பினாலும், மறுபடி எரிய அங்கு அநேகமாக ஒன்றும் மிச்சமிருக்காது.