எட்டுக்குள்ளே இரண்டு ஆட்டம்

(மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவன், எக்கியார்குப்பம்)



ஆண்டு விழா அறிவிப்பு வந்ததும் நோட்டீஸ் போர்டில் பெயர் கொடுக்க இரண்டு தாள் தொங்கும். ஒன்றில் 'கிளாசிக்கல்', இன்னொன்றில் 'வெஸ்டர்ன்'. முதல் தாளில் இரண்டு மூன்று பெயர்தான் இருக்கும். சின்ன வயசிலிருந்தே பரதம் கத்துக்கிட்டவங்க. இரண்டாவது தாளில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருப்பார்கள்! இந்தத் தாளில் ஒருவர், அந்தத் தாளில் ஒருவர் என்று இருவர் சேர்ந்து, கர்நாடக இசைக்கு ஒரே மேடையில் ஆட முடியுமா? முடியும். எப்படி என்பதற்கான கணக்கைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. "இதெல்லாம் கலப்படம்" என்று முகம் சுளிப்பவர்களும் கொஞ்சம் பொறுத்துப் படிக்கணும்னு கேட்டுக்கறேன்.

முதலில் ஒரு உதாரணம். 2011-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சின்ன நிகழ்ச்சி. யோ-யோ மா என்ற உலகப் புகழ் பெற்ற செல்லோ கலைஞர் (செல்லோ என்பது வயலினுக்கு அண்ணன், உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பது), பிரெஞ்சு இசைமேதை சான்-சான்ஸ் 1886-ல் எழுதிய 'அன்னம்' என்ற இசையை வாசிக்கிறார். எதிரில் லில் பக் என்ற இளைஞர். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத் தெருக்களில் வளர்ந்த 'ஜூக்கின்' என்ற ஆட்டத்தில் தேர்ந்தவர். காலில் ஷூ. அந்த ஷூவோடவே விரல் நுனியில் ஏறி நிற்கிறார். தரையில் எண்ணெய் ஊற்றினமாதிரி வழுக்கிப் போகிறார். தோளிலிருந்து விரல் வரைக்கும் ஒரு அலை ஓடுகிறது. சினிமா டைரக்டர் ஸ்பைக் ஜோன்ஸ் அதைப் படம் பிடித்தார். உலகமே பார்த்தது. கவனிக்க வேண்டியது என்னன்னா, அங்கே செல்லோவோடு டிரம்ஸைச் சேர்க்கவில்லை. ஆடுகிறவருக்கு பாலே உடுப்பு மாட்டவும் இல்லை. அவரவர் அவரவராகவே வந்து நின்றார்கள்.

இந்த 'அன்னம்' இசைக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே இசைக்கு ஆடிப் பேர் வாங்கியவர் ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா. அவருடைய ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, பாலே கற்கத் தொடங்கியவர் மெட்ராஸ் ருக்மிணி தேவி. பாவ்லோவாதான் அவரை உங்கள் நாட்டுக் கலையையும் தேடிப் பாருங்கள் என்று ஊக்கினார். ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935-ல் அடையாறில் ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்ரா தொடங்கியது. ஆக, இன்றைக்கு 'சுத்தம்' என்று நாம் கும்பிடுகிற பரதத்தின் புது வாழ்விலேயே ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரியின் தூண்டுதல் இருக்கிறது!

அதற்கும் முன்னால் என்ன நடந்தது? அப்போது அதற்குச் சதிர் என்று பேர். தேவதாசிக் குலத்துப் பெண்கள் ஆடியது. இன்று மேடையில் பார்க்கிற அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம், தில்லானா என்கிற வரிசையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர். அவர்களில் வடிவேலு, மேல்நாட்டு வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அப்புறம் காலம் மாறியது. சதிர் என்றாலே அசிங்கம் என்று பெரிய மனிதர்கள் பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில், 1931-ல், சென்னை மியூசிக் அகாடமி மேடையில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் ராஜலக்ஷ்மி, ஜீவரத்தினம் இருவரும் ஆடினார்கள். அதுவும் ஒரு ஜோடி ஆட்டம்தான்! கொஞ்ச வருஷத்தில் பேர் 'பரதநாட்டியம்' என்று நிலைத்தது. ஆடுகிறவர்களின் குலமும் மாறியது. 1947-ல் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. கலை பிழைத்தது. அதைக் காப்பாற்றிக் கொடுத்த குடும்பங்களில் பலரும் மேடைக்கு வெளியே நின்றார்கள். (இதைப் பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஓய வேண்டியதும் இல்லை என்பது என் கருத்து.)

எதிர்ப்பக்கத்தையும் பாருங்க. 1973 ஆகஸ்ட் 11-ந் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஒரு குடியிருப்புக் கட்டிடத்தில் நடந்த விருந்துதான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று சொல்கிறார்கள். கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டு போட்டார். பாட்டில் பாடகர் நிறுத்தி, டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற இடம் வரும்போதுதான் பசங்க உற்சாகமாய் ஆடுவதை அவர் கவனித்திருந்தார். அந்த இடத்துக்குப் பெயர் 'பிரேக்'. ஒரே தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, அந்த இடத்தையே மாற்றி மாற்றி நீட்டினார். அதில் ஆடியதால் பிரேக் டான்ஸ். ஏழைக் கறுப்பினப் பசங்களும் போர்ட்டோரிக்கோ பசங்களும் ஆடிய அந்த ஆட்டம் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பதக்க விளையாட்டாக இடம் பெற்றது.

இரண்டுமே கீழே வைத்துப் பார்க்கப்பட்ட மக்களிடமிருந்து வந்ததுதான். ஒன்று மேலே போய் உட்கார்ந்து ரொம்ப நாளாச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் குப்பத்தில் ஒரு பையன் மாலையில் மணலில் நாலு குட்டிக்கரணம் போட்டு ஆடினால், "என்னடா கூத்தடிக்கிற?" என்பார்கள். கூத்து என்பது ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஆட்டக்கலைக்கே பொதுப் பெயர். இன்றைக்கு அது திட்டுகிற வார்த்தை!

சரி, கணக்குக்கு வருவோம்.

ஆதி தாளத்தை எல்லோரும் போட்டுப் பாருங்க. ஒரு லகு, இரண்டு துருதம். மொத்தம் எட்டு எண்ணிக்கை. முதல் எண்ணிக்கைக்குத் தட்டு. 2, 3, 4-க்குச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். 5-க்குத் தட்டு, 6-க்கு வீச்சு. 7-க்குத் தட்டு, 8-க்கு வீச்சு. ஆக, உள்ளங்கை சத்தம் கேட்பது 1, 5, 7-ல் மட்டும். மீதி எல்லாம் மௌனம்.

ஹிப்-ஹாப் ஆடுகிறவர்களும் எட்டாகத்தான் எண்ணுவார்கள். ஆனால் அந்த இசையில் 'டப்' என்று பளிச்சென விழும் ஸ்னேர் டிரம் அடி 2, 4, 6, 8-ல் வரும். இப்போ இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்க. தாளம் போடுகிற கை எங்கெல்லாம் மௌனமாக இருக்கிறதோ, அங்கேதான் டிரம் பேசுகிறது! இரண்டு பல்சக்கரம் கவ்வுகிற மாதிரி, ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் பல் போய் உட்காருகிறது. விடுபடுவது 3 மட்டும்தான். அது ஆடுகிற இருவரும் மூச்சு விட்டுக்கொள்ளும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. கரைவலை இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுப்பார். குரல் நின்ற இடத்தில் மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டே இழுத்தால் வலை கரைக்கு வராது.

ஆனால் எட்டும் எட்டும் பொருந்திவிட்டால் ஆட்டம் பொருந்திவிட்டது என்று நினைக்காதீங்க. உடம்பு இருக்கே! பரதத்தில் அரைமண்டி, முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் மடங்க, முதுகு நிமிர்ந்து நிற்க, காலைத் தரையில் தட்டுவது. ஹிப்-ஹாப்பிலும் முழங்கால் மடங்கித்தான் இருக்கும். தாளத்துக்கு உடம்பு மேலும் கீழும் லேசாக மிதக்கும். முதலாண்டில் படித்த சென்டர் ஆஃப் கிராவிட்டியை ஞாபகப்படுத்திக்கோங்க. இரண்டு ஆட்டத்திலும் அது தாழ்ந்தே இருக்கிறது. மரக்காணம் உப்பளத்தில் பாத்தியை மிதித்து இறுக்குகிறவர்களும் முழங்காலை மடக்கித்தான் மிதிப்பார்கள். விறைத்த காலால் மிதித்தால் இடுப்பு போய்விடும். ஆக, இடுப்புக்குக் கீழே இரண்டு பேரும் சொந்தக்காரர்கள்.

தகராறு இடுப்புக்கு மேலே. பரதத்தில் முண்டம் ஒரே துண்டு. கையும் கழுத்தும் கண்ணும் அதிலிருந்து கோடு இழுத்த மாதிரி புறப்படும். ஹிப்-ஹாப்பில், அதுவும் பாப்பிங் வகையில், மார்பு தனி, தோள் தனி, வயிறு தனி. சதையை இறுக்கி உடனே விட்டு, உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டணும். இன்னொன்று, பரதம் ஆடுகிறவர் தாளத்தின் நெற்றியிலேயே அடிப்பார். ஹிப்-ஹாப்காரர் ஒரு மயிரிழை பின்னால் சாய்ந்து, சோம்பலாக வருவது போல வருவார். அது தப்பு இல்லை, அதுதான் அந்த ஆட்டத்தின் ருசி. ஒத்திகையில் "நீ லேட்டா வர்ற", "நீ அவசரப்படுற" என்று சண்டை வருவது இங்கேதான். யாரும் யாரையும் திருத்தக் கூடாது. இரண்டு பேரும் சமத்தில், அதாவது முதல் எண்ணிக்கையில், கச்சிதமாகச் சந்தித்தால் போதும்.

இதை நம்மவர் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். பாரிஸில் வசிக்கும் தமிழ்ப் பெண் உஷா ஜெய், 2022-ல் 'ஹைப்ரிட் பரதம்' என்ற பெயரில் வெளியிட்ட வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மிதுஜா, ஜனுஷா என்ற இரண்டு பரதக் கலைஞர்களோடு சேலை கட்டிக்கொண்டு, லில் வெய்னின் ராப் பாட்டுக்கு ஆடினார். முதலில் ஹிப்-ஹாப், பிறகு பரதம் என்று கற்றவர் அவர். அவர் சொல்வதும் இதுதான்: இரண்டையும் கரைத்து ஒரு கூழ் ஆக்குவது அவர் நோக்கம் இல்லை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது, மாறும்போது அதனதன் சாரம் கெடாமல் பார்ப்பது. நமக்கு வேண்டியதற்கு அது நேர் எதிர் என்பதையும் சொல்லிடணும். அவர் எடுத்தது தெரு இசை, நாம் எடுப்பது கர்நாடக இசை. அவர்கள் மூவர், நாம் இருவர். ஆனாலும் பாடம் ஒன்றுதான். நம்ம பிரபுதேவாவையும் மறக்க முடியாது. பரதத்தை முறையாகக் கற்றவர் அவர்; 1994-ல் வந்த 'காதலன்' படத்தில் ஒரே உடம்பில் இரண்டும் இருப்பதைப் பார்த்தோம். சினிமாவில் கேமராவும் கத்திரியும் உதவிக்கு வரும். மேடையில் அது கிடையாது!

இனி மூன்று நிமிஷத்துக்கு ஒரு திட்டம். பேப்பர், பென்சில் எடுத்துக்கோங்க. நிமிஷத்துக்கு 96 எண்ணிக்கை வேகம் வைப்போம். ஹிப்-ஹாப்புக்குப் பழகிய வேகம்தான், பரதத்துக்கும் சிரமம் இல்லை. எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு ஆவர்த்தனத்துக்கு 5 விநாடி. மூன்று நிமிஷத்துக்கு 36 ஆவர்த்தனம்.

முதல் 4 ஆவர்த்தனம் மிருதங்கம் மட்டும். இருவரும் அசையாமல் நிற்கணும். (கைதட்டலுக்கு ஆசைப்பட்டு இதை வெட்டிவிடாதீங்க. பார்க்கிறவர்கள் எட்டை எண்ணப் பழகுவது இங்கேதான்.) அடுத்து ஆளுக்கு 4, மொத்தம் 8, அவரவர் ஆட்டத்தை அவரவர் ஆடிக் காட்டுவது. அதன் பிறகுதான் விசேஷம். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்களே, அதற்குக் குறைப்பு என்று பெயர். பிரேக் டான்ஸில் இருவர் எதிரெதிரே நின்று போட்டி போடுவதும் கிட்டத்தட்ட அதே கட்டமைப்பு. ஆளுக்கு 4 ஆவர்த்தனம், ஆளுக்கு 2, ஆளுக்கு 1, ஆளுக்கு அரை. கூட்டிப் பாருங்க: 8 + 4 + 2 + 1 = 15. இதுவரை 27 ஆச்சு. மீதி ஒன்பதில் 8 ஆவர்த்தனம் சேர்ந்து ஆடுவது. கடைசி ஒன்று தீர்மானம்.

தீர்மானத்துக்கு 'ததிங்கிணதொம்' என்ற ஐந்து மாத்திரைச் சொற்கட்டை எடுத்துக்கொள்ளுங்க. மூன்று முறை சொல்லணும், நடுவில் ஒவ்வொரு மாத்திரை இடைவெளி. 5 + 1 + 5 + 1 + 5 = 17. ஒரு எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை. ஐந்தாம் எண்ணிக்கையில் தொடங்கினால் ஆவர்த்தனம் முடிய 16 மாத்திரைதான் இருக்கும். அப்போ பதினேழாவது மாத்திரை, அந்தக் கடைசி 'தொம்', அடுத்த சமத்தில் போய் விழும். சரியாக மூன்றாவது நிமிஷம் முடிகிற இடம். பரதம் ஆடுகிறவர் அரைமண்டியில் கை நீட்டி நிற்க, பிரேக் ஆடுகிறவர் ஒற்றைக் கையில் தலைகீழாக உறைந்து நிற்க வேண்டியது அந்த ஒரே 'தொம்'மில்தான்.

இசைக்குத் தில்லானா சுலபம். பெரும்பகுதி சொற்கட்டாகவே இருக்கும். மிருதங்கம் வாசிக்கத் தெரிந்தவர் நம்மிடையே கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. டிரம்ஸைத் தனியாகச் சேர்க்காதீங்க. ஸ்னேர் விழ வேண்டிய 2, 4, 6, 8-ஐ ஆடுகிறவரின் உடம்பே காட்டட்டும். விதிமுறையில் இதற்கு மூன்றாவது தாள் இல்லை என்றால் யூனியன் கூட்டத்தில் கேட்டு வாங்கணும். "கிளாசிக்கலா, வெஸ்டர்னா, ஏதாவது ஒண்ணு சொல்லு" என்று கேட்கிறவரிடம் இந்த 17 மாத்திரையைத் தட்டிக் காட்டலாம்.

ஒத்திகைக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர் மாதிரி கடற்கரை ஊர்ப் பசங்களுக்கு மணல்தான் இலவச மேடை. குட்டிக்கரணம், தலைகீழ் எல்லாம் மணலில் பழகுங்க, அடி படாது. காலுக்கும் வலு ஏறும். ஆனால் மணலில் தட்டினால் சத்தம் வராது. அதனால் தட்டடவு பழக சிமெண்ட் தரை வேணும். வெறும் சிமெண்ட்டில் தினமும் தட்டினால் முழங்கால் வலிக்கும். வாரத்தில் இரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுத்து, உட்கார்ந்து கையால் தாளம் மட்டும் போடுங்க. ஷூ போட்டவரும் சலங்கை கட்டியவரும் முதல் வாரம் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் 1, 5, 7-ஐயும் மற்றவர் 2, 4, 6, 8-ஐயும் தட்டிப் பழகணும். ஐந்து நிமிஷம் பிசகாமல் ஓடினால், மறுநாள் எழுந்து நிற்கலாம்.