பள்ளியின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும்

சாலவாக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் காலை மணி ஒலிக்கும்போது அவ்வூர்ப் பிள்ளைகள் மட்டும் அங்கே கூடுவதில்லை. சுற்றுப்புற ஊராட்சிகள் பலவற்றிலிருந்தும் மாணவ மாணவியர் நடந்தும், மிதிவண்டியிலும், பேருந்திலும் வந்து சேர்கின்றனர். வழியில் ஓர் ஊராட்சி முடிந்து மற்றோர் ஊராட்சி தொடங்கும் இடத்தை அப்பிள்ளைகள் அறியார். அறியவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஆனால், பஞ்சாயத்து அங்கத்தினர்களாகிய நாம் அதனை அறிந்திருத்தல் வேண்டும். பள்ளிக்கு ஒரு குடிநீர்க் குழாய் அமைப்பதானாலும், பள்ளி செல்லாத ஒரு குழந்தையைத் தேடிப் பிடிப்பதானாலும், “இது யாருடைய எல்லை?” என்ற கேள்வியே முதலில் எழுகிறது. அக்கேள்விக்கு விடை காண உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லைகள் எத்தனை?

நம் நாட்டில் ஒரே நிலத்தின்மீது மூன்று வகை எல்லைகள் வரையப்பட்டுள்ளன. முதலாவது வருவாய்த்துறையின் எல்லை: வருவாய்க் கிராமம், குறுவட்டம், வட்டம், மாவட்டம் என்பன. சாலவாக்கம் ஒரு குறுவட்டத்தின் தலைமையிடம். அது உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்தது. இரண்டாவது ஸ்தல ஸ்தாபனங்களின் எல்லை: கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்பன. 2021-ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தலின்போது உத்திரமேரூர் ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள் இருந்தன. மூன்றாவது கல்வித்துறையின் எல்லை: வட்டாரக் கல்வி அலுவலரின் ஆளுகைப் பகுதி, கல்வி மாவட்டம், முதன்மைக் கல்வி அலுவலரின் மாவட்டம் என்பன.

இம்மூன்றும் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துகின்றன; சில இடங்களில் விலகி நிற்கின்றன. பொருந்தும் இடத்தில் வேலை எளிதாக நடக்கிறது. விலகும் இடத்திலேதான் பிள்ளைகள் அகப்பட்டுக் கொள்கின்றனர்.

முன்னோர் வகுத்த முறை

உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை அறியாதார் இலர். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை மூலம் உறுப்பினரைத் தெரிந்தெடுத்தனர். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என வேலைக்கேற்ற வாரியங்களை அமைத்தனர். வாரியங்கள் பல இருப்பினும், அவை யாவும் ஒரே சபையின் எல்லைக்குள் அடங்கின. ஏரிக்கு ஓர் எல்லை, தோட்டத்துக்கு வேறோர் எல்லை என்று வகுத்தாரல்லர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் பள்ளிக்கூடங்களை நடத்தி வந்தன. தாலுகா போர்டுகள் 1934-இல் நீக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் 1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் பெரியதொரு மாறுதலைச் செய்தது. அபிவிருத்தி வட்டாரம் எதுவோ அதுவே பஞ்சாயத்து யூனியன் என்று எல்லை ஒன்றாக்கப்பட்டது. 1960, 1961-ஆம் ஆண்டுகளில் யூனியன்கள் படிப்படியாகத் தோன்றின. ஆரம்பக் கல்வி அவற்றின் பொறுப்பாயிற்று. “ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி” என்ற பெயர்ப் பலகை இன்றும் நம் ஊர்களில் தொங்குவதற்குக் காரணம் இதுவே. ஆசிரியரும், கட்டடமும், வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒரே எல்லைக்குள் இருந்த காலம் அது.

1981-இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியர்க்கு இதனால் நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெயர்ப் பலகை ஒன்றியத்திடமும் ஆசிரியர் கல்வித்துறையிடமுமாகப் பள்ளியின் பொறுப்பு அன்று முதல் இரண்டாகப் பிரிந்தது.

பிற நாடுகளில்

இப்பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தமக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவையும், சொத்து வரி விதிக்கும் அதிகாரத்தையும் உடையவை. அவற்றின் எல்லை பல மாநிலங்களில் நகரத்தின் எல்லையோடு பொருந்துவதில்லை. ஒரே நகரத்துக்குள் பல பள்ளி மாவட்டங்கள் இருப்பதும், ஒரு பள்ளி மாவட்டம் பல ஊர்களில் பரவியிருப்பதும் உண்டு. தெருவின் ஒரு பக்கத்துப் பிள்ளை ஒரு பள்ளிக்கும் மறுபக்கத்துப் பிள்ளை வேறு பள்ளிக்கும் செல்ல நேர்கிறது. வரிப்பணம் மிகுந்த எல்லைக்குள் பிறந்த பிள்ளைக்கு நல்ல பள்ளி வாய்க்கிறது. இதற்கு மாறாக ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டமாகும். இங்கிலாந்தில் 1870-இல் தனிப் பள்ளிக்குழுக்கள் அமைக்கப்பட்டன. 1902-இல் அவற்றை நீக்கி, ஸ்தல ஸ்தாபனங்களிடமே கல்வியை ஒப்படைத்தனர். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1990-களில் தொடக்கப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும், உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்துகளுக்கும் மாற்றப்பட்டன.

நம் மாநிலத்தில் ஆசிரியர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஆதலால் ஏழை ஊராட்சியின் பள்ளிக்கு ஆசிரியர் இல்லாமற் போவதற்கு வரி குறைவு காரணமாகாது. இது நாம் பெற்ற பெரும் பேறு. நமக்குள்ள தொல்லை பணத்தைப் பற்றியதைவிடப் பொறுப்பைப் பற்றியதே ஆகும்.

எல்லைகள் விலகும் இடங்கள்

முதலாவதாக, பேரூராட்சியைக் கருதுவோம். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி பேரூராட்சிகளும் ஒன்றியத்துக்குள் இருந்தன. பிற்காலத்தில் அவை நகர்ப்புற அமைப்புகளாயின. ஆகவே உத்திரமேரூர்ப் பேரூராட்சி, உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்ததன்று. தொடக்கக் கல்வி வட்டாரமோ ஒன்றியத்து ஊர்களையும் பேரூராட்சியையும் சேர்த்தே நடைபெறுகிறது.

இரண்டாவதாக, கல்வி மாவட்டம் வருவாய் மாவட்டத்தினின்று வேறானது. 2018-இல் கல்வி மாவட்டங்கள் திருத்தியமைக்கப்பட்டுப் பெருகின. 2022-இல் தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள் ஏற்பட்டனர். எனவே ஒரே தெருவிலுள்ள தொடக்கப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளியும் இருவேறு அலுவலர்களின் கீழ் வருகின்றன. விண்ணப்பத்தை யாருக்கு எழுதுவது என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிந்து எழுதுதல் நலம்.

மூன்றாவதாக, மாவட்டப் பிரிவினை. 1997-இல் பழைய செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்து காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் தோன்றின. 2019 நவம்பர் 29-இல் காஞ்சிபுரத்தினின்று செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. உத்திரமேரூர் வட்டம் காஞ்சிபுரத்திலேயே நின்றது. அருகிலுள்ள மதுராந்தகம், செங்கல்பட்டு வட்டங்கள் புதிய மாவட்டத்தைச் சேர்ந்தன. நேற்றுவரை அடுத்த ஊராக இருந்தது அடுத்த மாவட்டமாயிற்று. ஒவ்வொரு பள்ளிக்கும் உரிய 11 இலக்கக் குறியீட்டெண்ணிலும் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம், பள்ளி என்ற வரிசையே அமைந்துள்ளது. பள்ளியின் எண்ணுக்குள்ளேயே எல்லை எழுதப்பட்டுவிட்டது.

சட்டம் கூறுவது யாது?

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 11-ஆவது அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளன. தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி அவற்றுள் 17-ஆவது ஆகும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயதுவரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அண்மையில் பள்ளி இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. ‘அண்மை’ என்பதற்கு நம் மாநில விதிகள் தரும் அளவு, 5-ஆம் வகுப்புவரை 1 கிலோமீட்டர், 8-ஆம் வகுப்புவரை 3 கிலோமீட்டர் என்பதாகும். அன்பர்கள் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அண்மை என்பது தொலைவால் அளக்கப்படுகிறது. ஊராட்சியின் எல்லைக் கல்லால் அளக்கப்படுவதில்லை. அடுத்த ஊராட்சியின் பள்ளியே அண்மையில் உள்ளதெனில், அங்குச் சேரும் உரிமை பிள்ளைக்கு உண்டு. “நீ வேற்றூர்ப் பிள்ளை” என்று திருப்பி அனுப்ப எவருக்கும் அதிகாரம் இல்லை.

ஸ்தல ஸ்தாபனத்துக்கு அச்சட்டம் விதிக்கும் கடமைகள் சில: தன் ஆளுகைக்குள் வாழும், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பதிவேட்டை வைத்தல்; அவர்கள் பள்ளியிற் சேர்வதையும், ஒழுங்காக வருவதையும், முடிப்பதையும் கண்காணித்தல்; பிழைப்புத் தேடி இடம் பெயர்ந்து வந்தோரின் குழந்தைகளைச் சேர்த்தல். பிள்ளை படிக்கும் இடம் எதுவாயினும், வாழும் இடத்து ஊராட்சிக்கே இப்பொறுப்பு உரியது. கல்குவாரியிலும் செங்கற்சூளையிலும் சில மாதங்கள் தங்கி வேலை செய்வோரின் குழந்தை வந்த ஊரின் பதிவேட்டிலும் இல்லாமல், இருக்கும் ஊரின் பதிவேட்டிலும் இல்லாமல் போகிறது. இரண்டு எல்லைகளுக்கிடையே தவறி விழும் குழந்தை இதுவே.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கோ வேறோர் எல்லை உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். அப்பள்ளியிற் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் என்பதே தகுதி. அடுத்த ஊராட்சியில் வாழும் தாய் ஒருத்தி அக்குழுவின் தலைவியாகவும் ஆகலாம்.

ஒரு பள்ளி, பல பொறுப்பாளர்

ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியை எடுத்துக் கொள்வோம். ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் கல்வித்துறை. கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. குடிநீரும் சுற்றுப்புறத் தூய்மையும் கிராம ஊராட்சியைச் சார்ந்தவை. மதிய உணவு மையம் ஒன்றிய அலுவலகத்தின் மேற்பார்வையில் நடக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் கிராமப்புறத்தில் சமைப்போர் மகளிர் சுய உதவிக் குழுவினர். ஓட்டைக் கூரைக்காகக் கல்வி அலுவலரையும், ஆசிரியர் பற்றாக்குறைக்காக ஒன்றியத்தையும் அணுகினால் மனு மாதக்கணக்கில் அலைவது தவிர வேறு பயனில்லை.

அனுபவம் கற்பித்த பாடம்

முன்னர் யான் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் நிகழ்ந்ததொன்றைக் கூறுகிறேன். அங்கே ஏரிக்கரையோரம் ஒரு தொடக்கப் பள்ளி. நிலம் ஓர் ஊராட்சியைச் சேர்ந்தது. பிள்ளைகளிற் பெரும்பாலோர் கரைக்கு அப்பாலுள்ள மற்றோர் ஊராட்சியின் காலனிப் பிள்ளைகள். கழிப்பறை இருந்தது, அதற்குத் தண்ணீர் இல்லை. “பிள்ளைகள் அவர்கள் ஊரார், செலவு நம்முடையதா?” என்றார் ஒரு தலைவர். “இடம் அவர்கள் எல்லை, எங்கள் ஊராட்சிப் பணத்தை எல்லை தாண்டிச் செலவிட்டால் தணிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது?” என்றார் மற்றவர். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. கோப்பு என்னிடம் வந்தது. “எல்லை குறித்துத் தெளிவுபடுத்தி மீண்டும் அனுப்புக” என்று எழுதித் திருப்பிவிட்டேன். அக்குறிப்பில் சட்டப் பிழை எதுவும் இல்லை; ஆனால் ஓராண்டு கழிந்தது.

பின்னர் ஒரு நாள் அப்பள்ளியைப் பார்வையிடச் சென்றேன். பிற்பகல் வகுப்பில் பெண் குழந்தைகள் குறைவாக இருந்தனர். காரணம் கேட்டேன். நண்பகலில் கழிப்பறைக்காக வீட்டுக்குச் செல்லும் பெண் குழந்தைகள் சிலர் கரையேறித் திரும்பி வருவதில்லை என்று சத்துணவு அமைப்பாளர் அம்மையார் கூறினார். யான் எழுதிய ஒரு வரிக்கு அக்குழந்தைகள் செலுத்திய விலை அது. வெட்கமுற்றேன்.

அடுத்த மாதமே தீர்வு ஏற்பட்டது. கட்டடம் ஒன்றியத்தின் சொத்தாதலாலும், இரு ஊராட்சிகளும் ஒரே ஒன்றியத்துக்குள் இருந்ததாலும், குழாய் பதிக்கும் செலவை ஒன்றியப் பொதுநிதி ஏற்றது. நிலத்துக்குரிய ஊராட்சி தன் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் தந்தது. பிள்ளைகளுக்குரிய ஊராட்சி தன் எல்லைக்குள் அடங்கிய கரைப் பாதையைச் செப்பனிட்டது. எவரும் எல்லை தாண்டிச் செலவிடவில்லை. எல்லை நகரவில்லை, வேலை மட்டும் நடந்தது.

செய்யத்தக்கவை

1. ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் அண்மைப் பள்ளி எது, தொலைவு எவ்வளவு, அது எந்த ஊராட்சியில் உள்ளது என்று ஒரு பட்டியல் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வைத்தல்.

2. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன்னர், வீட்டுவரிப் பதிவேட்டின் வரிசைப்படி குழந்தைகளைக் கணக்கெடுத்தல். வீட்டுவரி செலுத்தாத குடிசைகளையும், சூளை, குவாரித் தங்குமிடங்களையும் விடாது சேர்த்தல்.

3. எல்லையோரப் பிள்ளைகளின் பட்டியலை அண்டை ஊராட்சியோடு பரிமாறிக் கொள்ளுதல். அண்டை ஊராட்சி வேறு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் தலைவர்கள் நேரிற் பேசிக் கொள்ளத் தடையில்லை.

4. இரண்டு ஊராட்சிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தேவைக்கு, இரண்டு மன்றங்களும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றி ஒன்றியத்துக்கு அனுப்புதல்.

5. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானங்களைக் கிராம சபையில் வைத்துப் படித்தல்.

6. ஊராட்சியைப் பிரிக்கவோ, நகரத்தோடு இணைக்கவோ கருத்துக் கேட்கும்போது, “எங்கள் பள்ளிக் கட்டடம் யாரிடம் போகும்? பராமரிப்பவர் யார்?” என்ற கேள்வியை எழுத்து மூலம் கேட்டுப் பதிலும் பெறுதல்.

உழவர் பெருமக்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஏரி ஓர் ஊரில் இருக்கிறது. அதன் பாசனம் மூன்று ஊர்களுக்குப் பாய்கிறது. மதகு எந்த எல்லையில் உள்ளது என்று பாராமல், ஆயக்கட்டுதாரர் அனைவரும் கூடிக் கால்வாயைத் தூர் வாருகின்றனர். வாராவிடின் கடைமடை காயும் என்பதை அவர்கள் அறிவர். பள்ளிக்கும் ஓர் ஆயக்கட்டு உண்டு. அதன் கடைமடையில் நிற்பது எல்லையோரத்துக் காலனியின் பெண் குழந்தை. அவள்வரை கல்வி பாய்கிறதா என்று பார்ப்பதே ஊராட்சியின் கடமையாகும்.