கீழே கடை, மேலே வீடு: 15 அடி மனையில் கட்டும் முறை

சென்னை ஜார்ஜ் டவுனில் தெருப் பெயரைச் சொன்னாலே தொழில் தெரிந்துவிடும். ஆண்டர்சன் தெரு என்றால் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெரு என்றால் துணி, தேவராஜ முதலி தெரு என்றால் கண்ணாடி. மனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். முகப்பு குறுகல், ஆழம் நீளம். கீழே முன்பக்கம் கடை, பின்னால் குடோன், மேலே குடும்பம் என்பது இங்கே பல தலைமுறை வழக்கம். அப்படியொரு மனையை, 15 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ளதாக, தெருப்பக்கம் தவிர மூன்று பக்கமும் அடைபட்டதாக வைத்துக்கொண்டு கட்டும் முறை இங்கே சொல்லப்படுகிறது. பெரும்பாலும் அறைகளை முதலில் வரைந்துவிட்டு, மிச்சம் இருந்தால் படிக்கும் காற்றுக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். ஒட்டுச் சுவர் மனையில் இந்த வரிசை சரிப்படாது. முற்றத்தையும் படியையும் வரைந்த பிறகுதான் அறைகளுக்கு வர வேண்டும்.

அதற்கும் முன்னால் அளவு. பழைய சுண்ணாம்புச் சுவர்கள் காலப்போக்கில் புடைத்திருக்கும். முகப்பில் 15 அடி காட்டும் டேப் நடுவில் இரண்டு அங்குலம் குறைத்துக் காட்டலாம். முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் அளந்து, எது குறைவோ அதை வைத்தே வரைய வேண்டும். இடையிலுள்ள சுவர் யாருடையது, பொதுச்சுவரா என்பதைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. மனை ‘தொடர் கட்டடப் பகுதி’யில் வருகிறதா என்பதையும் அனுமதி தரும் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். வந்தால் பக்கவாட்டில் இடம் விடாமல் கட்ட வழியுண்டு. இரண்டு பக்கமும் இடம் விடச் சொன்னால் 15 அடியில் நடைபாதைதான் மிஞ்சும்.

இரு பக்கமும் 9 அங்குலச் சுவர் போக உள் அகலம் 13½ அடி. இனி முற்றம். ஜன்னலிலிருந்து 7.5 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இடத்தை வெளிச்சம் உள்ளதாகத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கணக்கில் எடுப்பதில்லை. அது ஏறத்தாழ 25 அடி. 60 அடி ஆழத்தில் தெரு வெளிச்சம் பாதி தூரம்கூடப் போகாது என்று அர்த்தம். ஆகவே முகப்பிலிருந்து 28 அடி தள்ளி, 10 அடிக்கு 10 அடி முற்றம் விட வேண்டும். புழங்கும் அறைகளுக்கு வெளிச்சம் தரும் உள்முற்றத்துக்கு 3 மீட்டர் அகலமாவது வேண்டும் என்பதும் அதே தொகுப்பின் கணக்கு. பக்கத்தில் 3½ அடி நடை மிஞ்சும். ஜப்பானில் கியோட்டோ நகரத்து மனைகளும் இதே வடிவம்தான். விலாங்கு மீன் படுக்கை என்று அங்கே கேலியாகச் சொல்வார்கள். அந்த வீடுகளிலும் முன்னால் கடை, உள்ளே குடித்தனம், நடுவில் ‘சுபோனிவா’ என்ற சின்ன முற்றம்.

முற்றத்தைத் தரைவரை இறக்கலாமா என்பதில் கடைக்காரரும் வீட்டாரும் மோதிக்கொள்வார்கள். இந்த வகை மனையில் கடைக்காரர் கேட்பதே சரி. கீழ்த்தளத்துக்கு முழுதாகக் காங்கிரீட் தளம் போட்டு, முற்றத்தை முதல் மாடியிலிருந்து தொடங்க வேண்டும். குடோனுக்கு 100 சதுர அடி கூடுதலாகக் கிடைப்பது ஒரு லாபம். பெரிய லாபம் வேறு. காகிதமோ துணியோ தீப்பிடித்தால் முற்றம் புகைபோக்கியாகிவிடும். படுக்கையறை ஜன்னல்கள் அதில்தான் திறக்கின்றன. தளம் போட்டு மூடினால் அந்த வழி அடைபடும். பதிலுக்கு முற்றத்துத் தரைக்கு நீர்க்கசிவுத் தடுப்பு ஒழுங்காகச் செய்தாக வேண்டும். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த 100 சதுர அடியில் விழும் தண்ணீர் 900 லிட்டருக்கு மேல். ஒரே வடிகுழாயில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்தால் போதும், தண்ணீர் அறைக்குள் வந்துவிடும். இரண்டு குழாய் வைத்து, அறை வாசல்களை முற்றத்துத் தரையைவிட அரையடி உயர்த்த வேண்டும். பைபர் ஷீட் போட்டு முற்றத்தை மூடும் ஆசை பின்னால் வரும். மூடினால் வெக்கை மேலே போக வழியில்லை.

அடுத்தது படி. வீட்டுக்குப் போகும் படி தெருவிலிருந்தே ஏற வேண்டும், கடைக்குள்ளிருந்து அல்ல. கடைத்தளத்துக்கு 12 அடி உயரம் என்றால், 7 அங்குல ஏற்றத்துக்கு 21 படி வரும். மிதிக்கும் அகலம் 10 அங்குலம், நடுவில் ஒரு நிற்குமிடம், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20 அடி நீளம். சுவரோரம் 3½ அடி அகலத்தில் நேராக ஏற்றினால் மேலே நடையோடு சேர்ந்துகொள்ளும். கடைக்கும் படிக்கும் நடுவில் தளம்வரை செங்கல் சுவர், அதில் கதவே கூடாது. இதனால் கடையின் அகலம் 9 அடி சொச்சமாகக் குறையும். முகப்புதான் வியாபாரம் என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் தீ விபத்தில் மேலே இருப்பவர்கள் இறங்க வேறு வழி இல்லாத வீடு இது. படியடியில் பைக் நிறுத்துவது, மின் மீட்டர் பலகை வைப்பது இரண்டையும் தவிர்க்க வேண்டும். மீட்டர் தெருப்பக்கச் சுவரில் இருக்கட்டும். கடைக்கும் வீட்டுக்கும் கட்டண விகிதம் வேறு என்பதால் எப்படியும் இரண்டு மீட்டர் தேவை.

இப்போது அறைகள். தெருவில் சரக்கு இறக்கும் சத்தம் இரவிலும் ஓயாது. அதனால் படுக்கையறை முற்றத்துக்குப் பின்னால். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. நம்மூர் போன்ற புழுக்கமான ஊர்களில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும். அதாவது 20 சதுர அடி. 5 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்று சரியாக வரும்.

சமையலறையைத் தெருப்பக்கம் 10 அடிக்கு 6 அடியில் வைக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தாழ்ந்து பரவும். முற்றத்துப் பக்கம் அடுப்பை வைத்தால் நாலு பக்கமும் சுவர் உள்ள தொட்டியில் எரிவாயு தேங்குவது போலாகும். தெருச்சுவரில் தரையோடு ஒட்டி ஒரு காற்றுத் துளை விட்டால் அது வெளியே போய்விடும். சமையலறைக்கும் முற்றத்துக்கும் இடையில் கூடம். குளியலறை கடைசிச் சுவரோரம். அதற்கு 3 அடிக்கு 4½ அடியில் தனி டக்ட் போதும். கடையின் கழிவறை நேர் கீழே வந்தால் குழாய் வேலை பாதியாகக் குறையும்.

தண்ணீருக்கு ஆளுக்கு 135 லிட்டர் கணக்கு. ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர். மொட்டைமாடியில் அது இரண்டு டன் எடை. டேங்க்கைத் தளத்தின் நடுவில் வைக்காமல் தூண் தலைக்கு மேலே வைக்க வேண்டும். லாரித் தண்ணீர் குழாய் எட்டும்படி சம்ப் முன்பக்கம் இருக்கட்டும்.

தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு சற்று உயரும். குடோன் தரை ரோட்டைவிட 2 அடி உயரமாவது இருக்க வேண்டும். வாடிக்கையாளர் தயங்காமல் ஏற, கடையின் முன் மூன்றடியை மட்டும் தாழ்த்தி, உள்ளே படி வைக்கலாம். படியைத் தெருவில் இறக்கக் கூடாது.

கடைசியாகக் கட்டும் வேலை. பக்கத்து வீட்டு அஸ்திவாரம் ஆழமில்லாமல் இருக்கும். கடைக்காலை ஒரே மூச்சில் நீளமாகத் தோண்டாமல், நாலைந்து அடித் துண்டாகத் தோண்டி, முட்டுக் கொடுத்து, கட்டி முடித்த பிறகு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். பெரிய கலவை லாரி இந்தத் தெருக்களில் நுழையாது. மணலும் செங்கல்லும் மீன்பாடி வண்டியில்தான் வரும், இறக்கி வைக்கவும் இடமிருக்காது. அன்றன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் வரவழைப்பதே வழி. தோண்டும் முன்பே பக்கத்து வீட்டுக்காரரைக் கூட வைத்துக்கொண்டு, அவர் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு படமெடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். பூச்சுக்கு முன்னால் குழாயும் வயரும் போகும் தடத்தை டேப் பிடித்தபடி இன்னொரு முறை படமெடுக்க வேண்டும். ஒட்டுச் சுவர் வீட்டில் குழாய் கசிந்தால் ஈரம் முதலில் தெரிவது பல நேரம் பக்கத்து வீட்டில்தான்.