ஒளிப்புள்ளி ஏமாற்று வேலையா?
கைத்துப்பாக்கிப் போட்டிப் பிரிவுகள் – ஓர் அறிமுகம்

பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் நான் துப்பாக்கி சுடும் மன்றத்தில் உறுப்பினராக இருந்தேன். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் எனது போட்டி. அனைத்துலக ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி அந்தத் துப்பாக்கி 420 x 200 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. குறிபார்க்கத் திறந்த இரும்புக் குறிகள் மட்டுமே. வில்லையோ ஒளிப்புள்ளியோ பொருத்தினால் தகுதியில்லை.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய எங்கள் மன்றத்து மூத்தவர் ஒருவர், விடுமுறைக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "முன்குறி மங்கலாத் தெரியுது தம்பி. விட்டுடலாம்னுகூட நினைச்சேன். இப்ப சிவப்புப் புள்ளி வெச்ச பிஸ்டலுக்கு மாறிட்டேன்."

"அது ஏமாத்து வேலை இல்லையாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "விதிநூலைப் படிச்சிட்டு வந்து பேசு" என்றார். படித்தேன். அதன் சாரமே இக்கட்டுரை.

கண்ணும் குறியும்

இரும்புக் குறியில் பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்று பொருள்கள் மூன்று தூரங்களில் உள்ளன. கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தையே தெளிவாகக் காணும். ஆகவே முன்குறியைத் தெளிவாக வைத்து, மற்ற இரண்டையும் மங்கலாக விடப் பழகுகிறோம். நாற்பது வயதைக் கடந்தவுடன் கிட்டப் பொருள்களைக் காணும் ஆற்றல் பலருக்குக் குறைகிறது. முதலில் தடுமாற வைப்பது முன்குறிதான். ஒளிப்புள்ளியோ இலக்கின் தூரத்திலேயே இருப்பதுபோல் தோன்றும். இலக்கைப் பார்த்தாலே போதும். ஆனால் துப்பாக்கியை உயர்த்தும் கோணம் சற்றுப் பிசகினாலும் கண்ணாடிக்குள் புள்ளியே தெரியாது. ஆக, திறமை தேவையில்லாமல் போகவில்லை. வேறு திறமை தேவைப்படுகிறது.

புள்ளிக் கணக்கு

மூத்தவர் பங்கேற்பது ஐ.பி.எஸ்.சி. போட்டிகளில். 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் தொடங்கப்பட்ட இவ்வமைப்பின் குறிக்கோள்கள் மூன்று: துல்லியம், ஆற்றல், வேகம். குண்டின் எடையை (கிரெயின்) வேகத்தால் (விநாடிக்கு அடி) பெருக்கி 1000ஆல் வகுத்தால் ஆற்றல் எண் கிடைக்கும். 124 கிரெயின் குண்டு 1050 அடி வேகத்தில் சென்றால் 130.2. மைனர் நிலைக்கு 125 போதும். மேஜர் நிலைக்கு ஓப்பன் பிரிவில் 160, ஸ்டாண்டர்ட் பிரிவில் 170 வேண்டும்.

இலக்கின் நடுப்பகுதியான 'ஏ'வில் பட்டால் இருவருக்கும் 5 புள்ளிகள். 'சி'யில் மேஜருக்கு 4, மைனருக்கு 3. 'டி'யில் 2, 1. மொத்தப் புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பர். எட்டு 'ஏ', நான்கு 'சி', நேரம் 8 விநாடி என்று கொள்வோம். மைனர்: 52 ÷ 8 = 6.5. மேஜர்: 56 ÷ 8 = 7. ஒரே கை, ஒரே வேகம். கருவியால் மட்டும் வேறுபாடு!

பிரிவுகள் ஏன்?

இங்குதான் பிரிவுகளின் அவசியம் விளங்குகிறது. ஓப்பன் பிரிவில் ஒளிப்புள்ளியும் அனுமதி, குழல்முனை துள்ளாதபடி வாயுவை மேல்நோக்கித் திருப்பும் காம்பன்சேட்டரும் அனுமதி. அங்கே புள்ளிக் கருவியைப் பெரும்பாலும் துப்பாக்கியின் உடற்சட்டத்தில் பொருத்துவர். சுடும்போது அது ஸ்லைடுடன் ஓடுவதில்லை. ஸ்டாண்டர்ட் பிரிவில் இவை இரண்டும் கூடாது. துப்பாக்கி 225 x 150 x 45 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் பிரிவு இடைவழி: தொழிற்சாலைத் துப்பாக்கியின் ஸ்லைடின் மேல் ஒளிப்புள்ளி உண்டு, காம்பன்சேட்டர் இல்லை, அனைவருக்கும் மைனர் கணக்கே. மூத்தவர் பங்கேற்பது இதில்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'பிரிவு' என்பது கருவிக்கு. 'வகை' என்பது ஆளுக்கு. ஐம்பது வயதைக் கடந்தவர் தம் பிரிவுக்குள் மூத்தோர் வகையிலும் தரவரிசை பெறலாம். வயதுக்காகப் புள்ளி கூட்டித் தருவதில்லை. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பங்கேற்குமுன் நடப்பு விதிநூலைப் பார்ப்பது நன்று.

முடிவாக

எதிராளியிடம் இல்லாத கருவியை மறைத்துக் கொண்டுவருவதே ஏமாற்று. அனைவரும் அறிய, அதே கருவியுடையோருடன் மோதுவது போட்டி. எனது ஏர் பிஸ்டல் விதி இரும்புக் குறியைப் பார்க்கும் கண்ணையும் சோதிக்கிறது. அவருடைய விதி வேறொன்றைச் சோதிக்கிறது. ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளந்தது என் பிழை.

அடுத்த முறை அவர் அழைத்தபோது மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு, உன் விசை எடையைச் சோதிச்சியா?" என்று கேட்டார். சோதிக்கவில்லை. மறுநாளே சோதித்தேன்.