பி.டெக் ப்ராஜெக்ட்டில் பிறந்த பகா எண் சோதனை

221 பகா எண்ணா? ஊரப்பாக்கத்துல ட்ரெயின் ஏறி தாம்பரம் வர்றதுக்குள்ள மனசுலயே போட்டுப் பாருங்க. 2, 3, 5, 7, 11 எதுவும் வகுக்காது. 13 வகுக்கும்: 13 × 17. (நான் இங்கிலீஷ் மீடியம். ப்ரைம் நம்பருக்கு 'பகா எண்' என்று பெயர் இருப்பதே இதை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பகுக்க முடியாத எண். பெயரிலேயே டெஃபினிஷன்!)

இப்போ 309 இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால்? 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. கீ ஒன்றுக்கு அந்த அளவில் இரண்டு பகா எண்கள் வேண்டும். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் முடிக்காது.

வகுக்காமலே பிடிக்க ஃபெர்மா ஒரு வழி சொன்னார். 2-ஐ 7 தடவை பெருக்கினால் 128. அதில் 2 போனால் 126, அதை 7 வகுக்கும். எல்லா பகா எண்ணுக்கும் இப்படித்தான். ஆனால் 561 (3 × 11 × 17) ஒரு ஃப்ராடு. 2 இல்ல, எந்த எண்ணை வைத்துச் செய்தாலும் இந்த டெஸ்ட்டில் பாஸ் ஆகிவிடும்.

அதைப் பிடிக்க பாஸ்கல் முக்கோணத்துக்கு வாங்க. 5-வது வரிசை: 1, 5, 10, 10, 5, 1. ஓரத்து 1-களை விட்டால் எல்லாமே 5-ஆல் வகுபடும். 4-வது வரிசை: 1, 4, 6, 4, 1. இங்கே 6 காட்டிக்கொடுத்துவிடுகிறது. 561-வது வரிசையில் நான்காவது எண் 2,92,69,240. இலக்கங்களைக் கூட்டினால் 34. 3-ஆலேயே வகுபடாது, அப்புறம் எங்கே 561-ஆல்! இந்தச் சோதனையில் எந்த எண்ணும் ஏமாற்ற முடியாது. ஒரே சிக்கல், 309 இலக்க எண்ணின் வரிசையை எழுதி முடிக்கவே முடியாது.

2002 ஏப்ரலில் ஐ.ஐ.டி. கான்பூர் மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனா கொடுத்த பி.டெக் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இதைச் சுற்றித்தான். அப்போது முழு நிரூபணம் கிடைக்கவில்லை. கைடு மணீந்திர அகர்வாலோடு உட்கார்ந்து, அதே ஆகஸ்டில் முடித்துவிட்டார்கள். (நம்ம பேட்ச்ல டைட்டிலையே மூணு தடவை மாத்தியிருக்கோம்.)

ஐடியா இதுதான்: அந்த வரிசையை நீளமாக எழுதாதே, ஒரு சின்ன வட்டத்தில் சுற்று. ஒரே இடத்தில் விழும் எண்களைக் கூட்டி, மீதியை மட்டும் வைத்துக்கொள். 1-வது வரிசையிலிருந்து 2, 4, 8 என இரட்டிப்பாகத் தாவலாம் என்பதால் 309 இலக்கத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் தாவல் போதும். சுற்றும்போது தகவல் தொலையுமே, 561 மாதிரி ஒன்று மறுபடி நுழையாதா? வட்டத்தின் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, வரிசையைக் கொஞ்சம் மாற்றி மாற்றிப் பல தடவை சோதித்தால் நுழையாது என்று நிரூபித்ததுதான் அவர்கள் சாதனை. 2004-ல் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்' இதழில் வந்தது. 2006-ல் கோடல் பரிசு.

நிஜத்தில் கீ உருவாக்க மில்லர்-ராபின் டெஸ்ட்தான் ஓடுகிறது. அது ரொம்ப வேகம், தப்பு வர மிகமிகச் சின்ன வாய்ப்பு மட்டும் உண்டு. கான்பூர் முறை மெதுவானது, ஆனால் தப்பே வராது.

"அப்போ ஆர்.எஸ்.ஏ. உடைஞ்சிடுச்சா?" என்று ஒரு ஜூனியர் கேட்டான். இல்லைடா. 309 இலக்கத்தில் ஒன்று பகா எண் இல்லை என்று அது சொல்லிவிடும். எது எதைப் பெருக்கி அந்த எண் வந்தது என்று சொல்லாது. அது வேற கணக்கு, இன்னும் யாரும் வேகமாப் போடல.